ஊருக்கு ஒரு கறுப்பு ஒயர்

தஸ்நேவிஸ் வாங்கிவந்த பழைய விசைப்படகில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேடப்போய், மொட்டைக்கல்துறையில் இருந்த சனமெல்லாம் ஆளுக்கொரு விளக்காக எரிய ஆரம்பித்த அந்த மீன்பிடித் தடைக்காலத்தில், அவன் பெண்டாட்டி வியாகுலத்துக்கு மட்டும் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. துயரங்களின் தாயான வியாகுல மாதாவின் திருநாளில் பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் கொஞ்சம் யோசித்து வேறு பெயர் வைத்திருந்தால் இவள் நிம்மதியாக இருந்திருப்பாள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போனவள் மறுபடியும் வருவாள். ஆனால் அவளுடைய பயங்களில் ஒன்று கேலிக்கு அடங்காதது. போன கார்த்திகையில் ஒரு மழை மூட்டத்தில், விடியலுக்கு முந்திய இருட்டில், பெரிய துறைமுகத்துக்குப் போகிற கப்பல் பாதையில் அவள் தம்பி ரெய்மண்டின் படகை ஒரு கப்பல் இடித்துவிட்டுப் போயிற்று. படகில் விளக்கு எரியவில்லை. இடித்ததுகூட அந்தக் கப்பலுக்குத் தெரியாது. ஆகவே புருஷன் படகு பார்க்கப் புறப்பட்ட அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லைட்டு எரியுதான்னு பாத்து வாங்குங்க."

பார்த்துத்தான் வாங்கினான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உச்சியில் வெள்ளை, மூன்றும் பளிச்சென்று எரிந்தன. விற்றவர் வடக்கே ஒரு துறையைச் சேர்ந்த மச்சாது என்கிற நல்ல மனிதர். டேங்கில் இருந்த டீசலைக்கூட உறிஞ்சாமல் கொடுத்தார். ஆனால் அவர் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மாட்டை விற்கிறவன் மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தான் வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல அங்கே படகை விற்கிறவன் அதன் ஒயர்களின் நுனியைக் கத்தரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். படகு போனாலும் யோகம் தன்னிடம் நிற்கும் என்று நம்பிக்கை. தஸ்நேவிஸ் கிளம்பும்போது டீ குடிக்கப் போன இடைவெளியில் மச்சாது அந்தக் காரியத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டார். ஊர் வந்து சேர்ந்து சுவிட்சுப் பலகையைத் திறந்தால், உள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமும் கறுப்பும் கோடு போட்டதும் போடாததுமாக ஒரு கொத்து ஒயர், ஒன்றுக்கும் தலை இல்லை, எது எதற்கு என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

மொட்டைக்கல்துறை வழக்கமோ வேறு. பழைய படகை வாங்கினால், அது தன் பழைய துறையைத் தேடிப் போய்விடாமல் இருக்க, வாங்கியவன் பெண்டாட்டி உடுத்திய சேலையில் ஒரு துண்டு கிழித்து, கடல் தண்ணீரில் முக்கிக் கொடுப்பாள். அவன் அதைப் படகுக்குள்ளே கட்டுவான். அவளே ஏறிப் போய்க் கட்டக் கூடாது. பொம்பளை கால் பட்ட படகு கரை திரும்பாது என்று அந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. மாதா சுரூபம் ஏறலாம், மாதா பெயர் வைத்த பொம்பளை ஏறக் கூடாது. வியாகுலமும் தன் நீலச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, நனைத்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி நீட்டினாள். அவன் ஒரு கையில் அந்த ஈரத் துணியும் மறு கையில் ஒயர்க் கொத்துமாக உள்ளே குனிந்தான்.

எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான் தஸ்நேவிஸ். ஒயர் விஷயத்தில் அவனுக்கு அரைகுறைதான். இருந்தாலும் கறுப்பு ஒயர்கள் பொது என்பது தெரியும். எந்த விளக்குக்குப் போன கரண்டும் கறுப்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். அதனால் கறுப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, பேட்டரியின் மைனஸ் பக்கம் இழுத்தான். மச்சாது வெட்டிய வெட்டில் ஒரு முழம் எட்டவில்லை. டவுனுக்குப் போய் ஒரு துண்டு ஒயர் வாங்கிவந்து நீட்டிக்கொள்ளலாம், அதுவரை எதிலும் பட்டுவிடாமல் இருக்கட்டும் என்று, அந்தக் கறுப்புக் கொத்தைச் சேலைத்துண்டால் சுற்றி, சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் இறுக்கி முடிச்சுப் போட்டான். ஒரே முடிச்சில் இரண்டு வேலை முடிந்ததில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"அந்தக் கறுப்ப மாட்டிட்டீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள் வியாகுலம்.

"அத நாளைக்கு மாட்டிக்கிடுதேன். இப்ப எது எதுன்னு மட்டும் பாப்போம். நீ லைட்டப் பாத்துச் சொல்லு."

சிவப்பு ஒயரைப் பேட்டரியின் பிளஸ் முனையில் தொட்டான்.

"வந்துச்சா?"

"வரல!"

"இப்ப?"

"வரலன்னா வரல!"

மூன்றாவது தடவை தொட்டபோது, படகில் அல்ல, கருவாடு காயப்போடும் களத்தில், தஸ்நேவிஸின் அக்கா கித்தேரி எரிந்தாள்.

நெருப்பாக இல்லை. டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்கில் ஒரு சிவப்புத் தெரியுமே, அந்தச் சிவப்பு. அவள் கழுத்திலும் காதுமடலிலும் நெத்திலி கிளறுகிற கைகளிலும் உள்ளேயிருந்து வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், நிழல் விழாமல் இருக்க. கித்தேரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடலைப் பார்த்துக் கத்தினாள்: "ஏல தஸ்நேவிஸு, என்னத்தல தொட்ட? நல்லாருக்கு, எடுத்துராத!"

அவன் அதைப் பிளஸிலேயே முறுக்கி விட்டுவிட்டு மஞ்சளைத் தொட்டபோது டீக்கடை அந்தோணிப்பிச்சை எரிந்தார். அவர் கடலில் கால் நனைத்தே பல வருஷம் ஆகிறது. படகிலிருந்து தஸ்நேவிஸ் "வந்துச்சா?" என்று கேட்க, அதை வியாகுலம் வாங்கி வலை பின்னுகிறவர்களிடம் கொடுக்க, அவர்கள் தெருவுக்குக் கொடுக்க, தெரு கோயில் முக்குக்குக் கொடுக்க, "டீக்கடைக்கு வந்துச்சு!" என்ற பதில் அதே வழியில் வாய் மாறி வாய் மாறிக் கடலுக்கு வந்தது. பச்சைக்கு ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவை. நீலத்தைத் தொட்டதும் படகுக்குள் தஸ்நேவிஸே எரிந்தான். சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டு அந்த வெளிச்சத்தில் துணியைத் தாண்டித் தெரிந்தது. "ஏட்டி, இது நான்தான் போல" என்று சிரித்தான். படகில் மூன்று விளக்கும் இருட்டாகவே இருந்ததை வியாகுலம் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அதிசயம், இரண்டாம் நாள் பேச்சு, அதற்கப்புறம் சண்டை. எனக்கு ஏன் இல்லை, அவனுக்கு மட்டும் என்ன ஒசத்தி என்று தெருவுக்குத் தெரு மல்லுக்கு நின்றார்கள். அப்போதுதான் ஒயர் ஒன்றைச் சீவிப் பார்த்த தஸ்நேவிஸ், அதற்குள் தலைமுடி மாதிரி நிறையச் செம்பு இழைகள் இருப்பதையும், இழைக்கு ஒரு ஆள் எரிவதையும் கண்டுபிடித்தான். சிலுவை ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டு, கைக்குழந்தைக்காரிகளுக்கு முதலில், வெளியூரில் பெண் எடுத்தவர்களுக்குக் கடைசியில் என்று வரிசை வைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் ஊர் முழுக்க எரிந்தது. கரண்டு போனால் யாரும் அரிக்கேன் தேடவில்லை. வீட்டில் பெரியவர் யாரையாவது நடுக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பையன் என்ன நிறம் என்று கேட்டார்கள். திருவிழாச் சப்பரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டாம், ஆளுக்கு ஒரு பக்கம் நின்றால் போதும் என்று சாமியாரே ஞாயிறு பூசையில் அறிவித்தார். பேட்டரி இறங்கவே இல்லை. ஏன் இறங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கொஞ்சம் கவலை வேண்டுமே.

கவலைதான் அந்த ஊரில் இல்லாமல் போயிருந்தது. எரிய ஆரம்பித்தவனுக்கு நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிடும். படுத்தால் தூக்கம், எழுந்தால் பசி. மருமகளோடு பேசாமல் இருந்த மாமியார்கள் பேசினார்கள். பரீட்சை முடிவு வராத பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். இது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு.

வியாகுலத்துக்கு எந்த இழையிலும் வெளிச்சம் வரவில்லை. எல்லா ஒயரையும் எல்லா இழையையும் தொட்டாயிற்று, அவள் மட்டும் மங்கலாகவே இருந்தாள். அது போகட்டும் என்று விட்டிருப்பாள், ஆனால் புதிது புதிதாகக் கவலைகள் வந்தன. விடியற்காலையில் திடுக்கிட்டு எழுந்து, பால் திரிந்துவிட்டதோ என்று பதறுவாள். அவர்கள் வீட்டில் பாலே வாங்குவதில்லை. திருப்பூரில் இருக்கிற மகன் சாப்பிட்டானோ என்று நெஞ்சடைக்கும். அவளுக்குப் பிள்ளையே இல்லை. ஐஸ் உருகுகிற சத்தம் கேட்கும். யாரோ ஒரு மருமகன் குடித்துவிட்டுச் சைக்கிளில் வருகிறான், பாலம் குறுகல், கைப்பிடிச் சுவர் இல்லை. இத்தனையும் என் கிறுக்கு மனசு கிளப்பிவிடுவது என்றுதான் முதலில் நினைத்தாள். கேஸ் அடுப்பை இப்போது தெருமுனையிலிருந்து நாலைந்து முறை திரும்பி வந்து பார்த்தாள்.

ஒருநாள் டீக்கடைப் பக்கம் போனபோது அவள் தொண்டைக்குள் ஒரு பயம் உருண்டது. இடது பக்கம், தாடைக்குக் கீழே, தொட்டால் நகராத ஒரு கட்டி. தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் எதிரே அந்தோணிப்பிச்சை மஞ்சளாக எரிந்தபடி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கழுத்துல அந்தக் கட்டிய டாக்டர்ட்ட காட்டினீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒனக்கு யாரு சொன்னா? நா வீட்டுலகூடச் சொல்லலியே."

"யாரும் சொல்லல. ஒங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சும்மா. பொங்கலுக்கு முந்தியே கையில தட்டுச்சு, ராத்திரியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே கெடப்பேன். இந்த லைட்டு வந்ததுலருந்து அந்தக் கவல போயிருச்சு. இப்பத் தொட்டே பாக்குறதில்ல."

அவர் சிரித்தார். போனது எங்கே போயிற்று என்று வியாகுலத்துக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. போன கரண்டெல்லாம் கறுப்பு வழியாகத்தானே திரும்ப வேண்டும். கறுப்பு ஒயர் இன்னும் அவள் சேலைத்துண்டில்தானே கட்டிக் கிடக்கிறது; அதனால் ஊர்க் கவலையெல்லாம் பேட்டரிக்குப் பதில் அவளிடம் வந்து சேர்கிறது. டவுனுக்குப் போய் ஒரு துண்டு ஒயர் வாங்கிவருகிறேன் என்ற தஸ்நேவிஸ், நீலமாக எரிந்த அன்றோடு அதை மறந்துவிட்டான்.

அது விளங்கியதோடு பயம் குறைந்துவிடவில்லை. அந்த வாரமே, சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு திடீரென்று வெட்டி இழுத்தது. பானையைப் போட்டுவிட்டு, யாருடைய பயம் என்றுகூடத் தெரியாமல், கால் போன திசையில் ஓடினாள். கருவாட்டுக் களத்துக்குக் கீழே, அலையடிக்கிற இடத்தில், கித்தேரிக்குக் கடைசியாகப் பிறந்த அமலி இடுப்புத் தண்ணீரில் நின்று இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். மூன்று வயசுப் பிள்ளை. வியாகுலம் சேலையோடு இறங்கி அள்ளிக்கொண்டு வந்தபோது, கித்தேரி சிவப்பாக எரிந்தபடி, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, பிள்ள தண்ணிக்குள்ள போறது ஒங்க கண்ணுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது. வந்துருவான்னு இருந்தேன்."

"வரலன்னா?"

கித்தேரி யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள். அந்தக் கேள்விக்கு உள்ளே பதில் தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், "நல்லாத்தான கொண்டாந்துட்ட" என்றாள். வியாகுலம் பிள்ளையைத் துடைத்து அவள் மடியில் போட்டுவிட்டு, ஈரச் சேலையோடு நேராக ஏலக்கூடத்துக்குப் போனாள். அவளுக்கு அவ்வளவு கோபம்.

கமிட்டி கூடியது. அவள் சொன்னதை எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். கறுப்பு ஒயரை ஒழுங்காக மாட்டினால் கவலை அவரவருக்குத் திரும்பும், படகில் விளக்கு எரியும், தடை முடிந்து கடலுக்குப் போகிறபோது கப்பல்காரன் கண்ணுக்குத் தெரியும் என்றாள். ஆள் எரிகிற வெளிச்சம் கூப்பிடு தூரத்துக்குக்கூடத் தெரியாது என்றாள். சிலுவை பச்சையாகப் புன்னகை செய்தார்.

"ஏம்மா, ஊருக்கு ஒருத்தி பயந்தா போதாதா? இத்தன காலமா எல்லாருமாச் சேந்து பயந்து என்னத்தக் கிழிச்சோம்?"

"நீ எப்பிடியும் பயப்படுறவதான" என்றாள் கித்தேரி. "கொழம்பு வைக்கிறவளுக்கு ஒரு ஆளு கூட வந்தா தெரியவா போவுது?"

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளைக் கைவிட்டுவிடவும் இல்லை. இனி ஒவ்வொரு படகிலும் வருகிற முதல் மீன் வியாகுலத்துக்கு என்று தீர்மானம் போட்டார்கள். திருவிழாவில் சாமியார் கையால் பொன்னாடை. அவள் நடந்து போனால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். எல்லாரும் கை தட்டினார்கள், தஸ்நேவிஸும் தட்டினான்.

வீட்டுக்கு வந்து அவனிடம் அழுதாள். தடை முடியப் போகிறது, மேற்கேயிருந்து கச்சான் காற்று வலுத்திருக்கிறது, அந்த இருட்டில் விளக்கில்லாத படகை எடுத்துக்கொண்டு கப்பல் பாதையைத் தாண்டப் போகிறீர்களே என்றாள்.

"லைட்டு எதுக்கு? நான்தான் எரியுதேன்ல" என்றான்.

"ஒங்களுக்கு எதாவது ஆயிட்டா என் கதி என்னன்னு ஒரு பயம் வேண்டாமா?"

"எதுக்கு?"

அவன் வம்புக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளைக் கொன்றது. சந்தைக்குப் போன பஸ் தாமதமானால் ரோட்டில் வந்து நின்றுகொண்டு வருகிற வண்டியையெல்லாம் மறித்துக் கேட்கிற மனுஷன் அவன். சென்ற வாரம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது பக்கத்தில் படுத்து நன்றாகத் தூங்கினான். அவன் நெஞ்சில் அவளுக்காக இருந்த பயமும் இப்போது அவள் நெஞ்சில்தான் கிடந்தது. தன்னைப் பற்றித் தானே பயந்துகொள்வது எவ்வளவு பெரிய அநாதைத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் டவுனுக்குப் போய், பாத்திரக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிற எலக்ட்ரிகல் கடையில் இரண்டு முழம் தடித்த கறுப்பு ஒயர் வாங்கி, ஒரு நுனியில் வளையம் அழுத்தித் தரச்சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

தடை முடிந்த விடியலில் படகுகளெல்லாம் துறையில் எஞ்சினை ஓடவிட்டு நின்றன. மேற்கே வானம் கன்னங்கரேலென்று இருந்தது. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. வேறு வருஷமாக இருந்தால் பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு, சாயங்காலம் பார்ப்போம் என்று வலையை இறக்கியிருப்பார்கள். இந்த வருஷம் ஒருவரும் வானத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தபடி, சிரித்துப் பேசிக்கொண்டு, உயிர் காக்கும் சட்டைகளைக் கரையிலேயே போட்டுவிட்டு ஏறினார்கள். வழியனுப்ப வந்த பெண்களும் எரிந்தபடி கையசைத்தார்கள். எந்தப் பெண் கண்ணிலும் தண்ணீர் இல்லை.

அத்தனை வீட்டுக் கலக்கமும், அத்தனை பெண்டாட்டிமாரும் தாய்மாரும் அன்று பட்டிருக்க வேண்டிய பதைப்பும், அந்த ஆண்கள் ஒவ்வொருவனும் உள்ளங்கால் கூசக் கடலைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டிய பயமும் வியாகுலத்தின் ஒரே நெஞ்சில் இறங்கியிருந்தன. அவள் தண்ணீருக்குள் நடந்தாள். கணுக்கால் நனைந்தபோது சிலுவையின் பயம் உள்ளேயிருந்து, போகாதே, பொம்பளை ஏறினால் துறையே பாழாகும் என்றது. முழங்கால் நனைந்தபோது கித்தேரியின் பயம், கடல் உன் தம்பியைக் கொண்டுபோனது போதாதா, புருஷனையும் கொடுக்கப் போகிறாயா என்றது. இடுப்பு நனைந்தபோது அந்த ஊரில் இருந்தவர்கள், செத்தவர்கள், செத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாருடைய பயமும் சேர்ந்து அவள் காலைப் பிடித்து இழுத்தது. கரையில் நின்ற ஒருவரும் ஏறாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையான பயம் அவர்களிடம் இல்லை, அதுவும் அவளிடம்தான் இருந்தது. ஒரு பொம்பளை படகின் பக்கவாட்டில் தொங்குகிற டயரைப் பிடித்துக் காலைத் தூக்கி வைப்பதை, காக்கை பறப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் முழுக்கச் சேர்ந்து தடுத்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. அவளே அத்தனை பேராக இருந்து தடுத்து, அவளே அத்தனை பேரையும் மீறி ஏறினாள்.

"என்னட்டி இங்க?" என்றான் தஸ்நேவிஸ், சுக்கானில் கை வைத்தபடி, சந்தோஷமாக. "நீயும் வாரியா?"

அவள் அவனைத் தாண்டிக் குனிந்தாள். கொக்கியில் அந்த நீலத்துண்டு உப்பேறிக் கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. அவிழ்க்கவும் நேரமில்லை. துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் கொத்தில் தான் கொண்டுவந்த ஒயரைச் சுற்றி, விரல் நுனி வெட்டுப்பட முறுக்கினாள். மறு நுனியில் இருந்த வளையத்தைப் பேட்டரியின் மைனஸில் மாட்டித் திருகினாள். ஒருமுறை வழுக்கி விழுந்த திருகைத் தேடியெடுத்து மறுபடி மாட்டினாள்.

இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் உச்சியில் வெள்ளையும் எரிந்தன.

அதே நொடியில் கரை அணைந்தது. கோயில் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக, டீக்கடை, ஏலக்கூடம், கருவாட்டுக் களம், தண்ணீரில் நின்றவர்கள், படகில் நின்றவர்கள் என்று வெளிச்சம் விட்டுப்போய் எல்லாரும் பழையபடி மனுஷ நிறத்துக்கு வந்தார்கள். பிறகு கித்தேரி, "ஏ அமலி! பிள்ளயக் காணமே! யாராவது பிள்ளயப் பாத்தீங்களா!" என்று தலைவிரி கோலமாக ஓடினாள்; அமலி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அந்தோணிப்பிச்சை கழுத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்குப் போணும், என்னை யாராவது கூட்டிட்டுப் போங்க" என்றார். உடனே இரண்டு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். படகுகளில் இருந்தவர்கள் அப்போதுதான் மேற்கு வானத்தைப் பார்த்தார்கள். ஒரு எஞ்சின் நின்றது, அடுத்தது நின்றது. பெண்கள் தண்ணீரில் இறங்கி அவரவர் ஆளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இன்னைக்கு வேண்டாம், எவனும் போகக் கூடாது என்று சிலுவை உடைந்த குரலில் கட்டளை போட்டார். அவர் சொல்வதற்கு முன்பே வலைகள் இறங்க ஆரம்பித்துவிட்டன.

வியாகுலம் நிமிர்ந்து நின்றாள். நெஞ்சு காலியாகிக் காற்று உள்ளே போயிற்று. அத்தனையும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன, அவளுடைய சொந்தப் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அது அவளுக்குத் தாங்கக்கூடிய அளவில் இருந்தது. ஓரமாக வந்து கரையைப் பார்த்தாள். படகின் விளிம்பு ஈரமாக இருந்தது. அலை ஒன்று வந்து படகைத் தூக்கிப் போட்டது.

"ஏட்டி!" என்று ஒரு கத்தல். தஸ்நேவிஸ் சுக்கானை விட்டுவிட்டு, முகம் வெளிறி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். நீலம் அவனிடமிருந்து முழுக்கப் போயிருந்தது. "அங்க நிக்காத! வழுக்கும்! எதயாவது பிடிட்டி, பிடி! நீ விழுந்துட்டா நா என்ன செய்வேன்?"

அவ்வளவு பெரிய ஆள் அவளுக்காக உதடு கோணப் பயந்துகொண்டு நின்றான். ஊர்ப் பயம் மொத்தத்தையும் தூக்கிச் சுமந்துகொண்டு படகில் ஏறியபோதுகூட அழாத வியாகுலம் அப்போது வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே அவனிடம் கையைக் கொடுத்தாள்.